பின்வாசல் விசைகள்

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு புது விசையை அறிவித்தது. விசைப்பலகையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் நடக்கும் முதல் பெரிய மாற்றம் என்றார்கள். செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனி விசை, பெயர் கோபைலட். அதை அழுத்தினால் மடிக்கணினி உள்ளே அனுப்புவது என்ன தெரியுமா? இடது ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்ன போகுமோ அதேதான். மேலே அச்சிட்ட படம்தான் புதிது.

எஃப்12க்கு மேல் ஏது விசை என்று கேட்பீர்கள். ஐபிஎம் பெருங்கணினி முனையங்களில் 24 வரை இருந்தன. பலகையிலிருந்து அவை போய்விட்டன, எண்கள் மட்டும் தங்கின. வரலாறு இவ்வளவு போதும்.

லினக்ஸில் இந்த விசை பல மடிக்கணினிகளில் ஊமையாகவே கிடந்தது. விசைப்பலகை அனுப்புவது வெறும் எண்கள். இந்த எண் வந்தால் இந்த விசை என்று சொல்வது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ஏடிகேபிடி டிரைவர். அதனிடம் உள்ள அட்டவணையில் எஃப்23க்கு உரிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. 2025இல் வந்த 6.14 பதிப்பில் அந்தப் பூஜ்யம் 193 ஆனது. ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் விசைக்கு வாய் வந்துவிட்டது.

இது எளிய கதை. எஃப்23 விசைப்பலகையின் வழக்கமான பாதையில்தானே வருகிறது! என்னை மயக்குபவை அந்தப் பாதைக்கே வராத விசைகள். பழைய திங்க்பேட் மடிக்கணினிகளில் எஃப்என்னோடு சேர்த்து அழுத்தும் விசைகள் பலவும் இந்த ரகம். எம்பெடட் கண்ட்ரோலர் என்ற தனிச் சில்லுதான் அவற்றைக் கவனிக்கிறது. பேட்டரியும் விசிறியும்கூட அதன் பொறுப்பே.

ஒரு பெரிய வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எழுத்து விசைகள் முன்வாசல் வழியே தங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருபவர்கள். மறைந்த விசைகள் பின்வாசலில் வந்து நிற்பவர்கள். அங்கே ஒரு காவலாளி, அவர்தான் அந்தத் தனிச் சில்லு. யார் வந்தாலும் அவர் அடிப்பது ஒரே மணி. சார்ஜர் செருகினாலும் அதே மணி, மூடியைத் திறந்தாலும் அதே மணி. கெர்னல்தான் எழுந்து போய் யாரென்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கே ஒரு கட்டளை எண் உண்டு: ஹெக்ஸாடெசிமலில் 84. காவலாளி ஆளைச் சொல்லமாட்டார், ஒரு டோக்கன் எண்ணை நீட்டுவார். வீட்டைக் கட்டியவர் விட்டுப்போன குறிப்பேட்டில் அந்த எண்ணைத் தேட வேண்டும். அந்தக் குறிப்பேடுதான் ஏசிபிஐ அட்டவணை. அங்கே எழுதியிருக்கும் சிறு நிரலை ஓட்டினால், பெட்டியில் சீட்டு விழுந்திருக்கிறது என்று தகவல் வரும். திங்க்பேட் டிரைவர் அந்தப் பெட்டியிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருக்கும். பூஜ்யம் வந்தால் பெட்டி காலி. ஒரே மணிக்கு மூன்று பேர் வந்து நின்றாலும் ஒருவரும் விடுபடமாட்டார்கள். ஹெக்ஸாடெசிமலில் 1001 என்ற சீட்டு வந்தால் நீங்கள் எஃப்என்னையும் எஃப்1ஐயும் அழுத்தியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் காவலாளி சிலரை உள்ளே அறிவிக்கவே மாட்டார். அதனால் டிரைவர் வேலையைத் தொடங்கும்போதே 32 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுக்கிறது: இவர் வந்தால் எனக்குச் சொல், அவர் வந்தால் நீயே பார்த்துக்கொள். மறைந்த விசை வெளியே தெரிவது இந்தக் கணத்தில்தான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இந்த டிரைவரை 2004 வாக்கில் எழுதத் தொடங்கியவர் போரிஸ்லாவ் டெயானோவ். பின்னர் பல ஆண்டுகள் வளர்த்தவர் என்ரிக் டி மொரேஸ் ஹோல்ஷு. எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத இந்த உழைப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். விசையில் புதுப் படம் அச்சிடும் நிறுவனங்கள், அது அனுப்பும் எண்ணையும் கூடவே வெளியிட்டால் இத்தனை துப்பறிதலுக்கு வேலையே இருக்காது.

லினக்ஸில் உங்கள் விசை ஒன்று பேசாவிட்டால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். அழுத்திவிட்டு டிமெசெக் (dmesg) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். முன்வாசல் வழியே வந்த விசை என்றால், தெரியாத விசை என்று கெர்னலே அதன் எண்ணோடு எழுதி வைத்திருக்கும். செட்கீகோட்ஸ் (setkeycodes) கட்டளையால் பெயர் கொடுக்கும் வழியையும் சொல்லும். அந்த எண்ணையும் மடிக்கணினியின் மாடலையும் கெர்னல் டெவலப்பர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.