காசநோயும் வீட்டுச் சிகிச்சையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது. தூய காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே அக்காலத்தில் எலும்புருக்கி நோய்க்கு மருந்து. நோயாளி வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் விடுதியில் படுத்திருக்க வேண்டும். அவர் உழைப்பையே நம்பியிருந்த குடும்பம் என்ன ஆகும்? காற்றுக்கும் ஓய்வுக்கும் அதற்கு விடை தெரியாது.

இந்நோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். நோயாளி இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளுடன் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலில் அவை குடியேறுகின்றன. தட்டு, தம்ளர், துணிமணி ஆகியவற்றால் நோய் பரவுவதில்லை. கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோதான் வாழ்நாளில் நோய் தோன்றுகிறது. மற்றவர்களின் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது. உணவுக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. போன்றவற்றால் உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது அது தலைதூக்குகிறது.

மருந்துகள் வந்தன

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் (சுருக்கமாகப் 'பாஸ்') ஆகியவையும், 1952இல் ஐசோநியாசிட் மாத்திரையும் கிடைத்தன. ஐசோநியாசிட் விலை மலிவானது. வாயால் உட்கொள்ளக் கூடியது. அப்படியானால் நோயாளி விடுதிக்குப் போகத்தான் வேண்டுமா? நம் நாட்டில் இக்கேள்வி அவசரமானது. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். விடுதிப் படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கே போதுமானவை. ஆயினும் நெரிசலான வீட்டில், அரைவயிற்று உணவோடு மருந்து பலிக்குமா, பிள்ளைகளுக்கு நோய் தொற்றாதா என்று மருத்துவர்கள் அஞ்சினர்.

சென்னையில் நடந்த ஆய்வு

இதற்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்தன. நகரின் ஏழை மக்களிலிருந்து 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில், யார் விடுதியில் என்பது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படாமல், குலுக்கல் போன்ற முறையால் முடிவு செய்யப்பட்டது. இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகளே: ஐசோநியாசிட்டும் பாஸும். வீட்டிலிருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்று, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர்.

விடுதியில் இருந்தோர் நன்றாக உண்டனர், ஓய்வெடுத்தனர், எடையும் கூடினர். வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டனர், அதிகமாக நடமாடினர். ஓராண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்கள் விடுதியில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் பார்த்தபோது இந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிட்டது: விடுதிச் சிகிச்சை பெற்றவர்களில் 89 சதவீதம், வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 90 சதவீதம். வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாக வரவுமில்லை. காரணம் எளியது. மருந்து தொடங்கியபின் கிருமிகள் விரைவில் குறைகின்றன. குடும்பத்திற்குப் பெரிய ஆபத்து, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் நாட்களில்தான்.

1959இல் இம்முடிவுகள் வெளியாயின. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. கடுமையான நோய்நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவமனை தேவை என்றாயிற்று.

ஏன் பல மருந்துகள்? ஏன் பல மாதங்கள்?

புண்பட்ட நுரையீரலின் ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஐசோநியாசிட்டுக்கு மசியாத கிருமி ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று இயற்கையாகவே இருக்கும். அம்மருந்தை மட்டும் கொடுத்தால் சுமார் 100 கிருமிகள் பிழைத்துப் பெருகும். அதே திறனுள்ள இன்னொரு மருந்தையும் சேர்த்தால், இரண்டையும் எதிர்க்கும் கிருமி இலட்சம் கோடியில் ஒன்றுதான். பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதுவே.

சாதாரணக் குடற்கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. சில கிருமிகள் பெருகாமல் உறங்கியும் கிடக்கும். பெருகும் கிருமிகளை மருந்து விரைவில் கொல்கிறது. உறங்குபவற்றை ஒழிக்க மாதங்கள் ஆகின்றன. ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் வந்தபின் வழக்கமான சிகிச்சை 6 மாதமாகக் குறைந்துள்ளது.

இங்கேதான் இடர் இருக்கிறது. ஓரிரு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும். 'குணமாகிவிட்டது' என்று நோயாளி மருந்தை நிறுத்துகிறார். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. மருந்துக்கு மசியாதவையாகவும் ஆகலாம். அப்போது சிகிச்சை கடினமாகும். அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் அக்கடுங்கிருமியே. ஆகவேதான் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மருந்து உண்ணும் முறை தோன்றியது. வாரம் இருமுறை இவ்வாறு தரும் சிகிச்சையும் நற்பலன் தரும் என்பதைச் சென்னை மையமே 1964இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது.

நாம் செய்ய வேண்டியது

2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் வந்தது; 12½ இலட்சம் பேர் மாண்டனர். புதிய நோயாளிகளில் கால்வாசிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பி.சி.ஜி. தடுப்பூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்க அது போதாது.

ஆகவே நோயை விரைவில் கண்டறிவதே சிறந்த தடுப்பு. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதமின்றிச் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் அவரை ஒதுக்கி வைக்க வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள்; இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள்; வீட்டிலுள்ள மற்றவர்களையும் சோதிக்கச் செய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இருமல் நின்ற பிறகும், 'இன்று மாத்திரை சாப்பிட்டாயா?' என்று கடைசி நாள் வரை கேளுங்கள்.