சாக்கில் விளையும் கிழங்கு



"உருளைக்கிழங்கு எந்த மரத்திலேம்மா காய்க்குது?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாயால் சொல்வதைவிட ஒரு சாக்கில் வளர்த்துக் காட்டலாமே! தோட்டம் வேண்டாம், வெயில் படும் வாசல் ஓரம் போதும்.

எப்போது நடலாம்?

இரவில் குளிர்ச்சி இருந்தால்தான் இந்தச் செடி கிழங்கு வைக்கும். அதனால்தான் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் நன்றாக விளைகிறது. சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் நடலாம்.

எப்படி வளர்ப்பது?

25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று எடுங்கள். அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மண்ணும் மக்கிய எருவும் கலந்து ஒரு சாண் உயரம் நிரப்புங்கள். முளைவிட்ட கிழங்கு இரண்டை, முளை மேலே இருக்கும்படி வைத்து, நாலு விரல் மண் மூடுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனி மட்டும் தெரியும்படி மண் அணையுங்கள். சாக்கு நிரம்பும்வரை இப்படியே செய்யுங்கள். மூன்று, மூன்றரை மாதத்தில் இலை மஞ்சளாகிக் காயும். அப்போது சாக்கைக் கவிழ்த்து, பிள்ளையையே பொறுக்கச் சொல்லுங்கள். அந்தச் சந்தோஷத்தைப் பாருங்கள்!

கவனம் தேவை

1. பூச்சி மருந்தோ உரமோ வந்த சாக்கும் டப்பாவும் வேண்டவே வேண்டாம். "நல்லாக் கழுவிட்டேனே" என்று சொல்லாதீர்கள். கழுவினாலும் நஞ்சு முழுவதும் போகாது.

2. வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அதில் சோலனின் என்ற நஞ்சு கூடிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. அதைத் தின்றால் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். மண் அணைப்பது வெயில் படாமல் காக்கவும்தான். பச்சைக் கிழங்கைச் சமைக்காமல் எறிந்துவிடுங்கள்.

3. செடியில் சில சமயம் சின்னத் தக்காளி போலக் காய் பிடிக்கும். அதுவும் இலையும் நஞ்சு. பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

4. மண்ணும் எருவும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. இல்லாவிட்டால் குடற்புழு வரும்.

கிழங்கு உடலுக்குத் தெம்பு தரும். ஆனால் அது மட்டும் போதாது. பருப்பும் கீரையும் சேர்த்துக் கொடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது பிள்ளையின் வேலை. நல்ல சாக்காகப் பார்த்து எடுத்துத் தருவது அப்பா அம்மா இருவரின் வேலை.