பிழைப்பூதியத்தில் ஒரு கணினி

சஸ்பெண்ட் என்றதும் நமக்கு நாளிதழ்தான் நினைவுக்கு வரும். லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அலுவலர் சஸ்பெண்ட். அவருக்கு வேலை போய்விடவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார முடியாது. பிழைப்பூதியம் என்று பாதிச் சம்பளம் மட்டும் வந்துகொண்டிருக்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். செயலி நிற்கிறது, திரை அணைகிறது, விசிறி ஓய்கிறது. ரேம் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது.

அதையும் நிறுத்திவிட முடியாது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி அது கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். கணினி விழித்திருக்கும்போது இதை நினைவகக் கட்டுப்படுத்தி கவனித்துக்கொள்கிறது. தூங்கப் போகும்முன், ‘இனி உன்னை நீயே நிரப்பிக்கொள்’ என்று ரேம் சில்லுகளிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது.

இந்த உறக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ விதித்தொகுப்பு வைத்த பெயர் அது. ஹைபர்னேட் எஸ்4, முழுதாக அணைப்பது எஸ்5. பெயர் வைப்பது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான நிரல்களையும் கருவிகளையும் படுக்கவைத்து, எதுவுமே நடக்காததுபோல எழுப்புவதுதான் பாடு. அந்தப் பாடு இயங்குதளத்தின் மையமான கெர்னலுடையது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் திறந்தே கிடப்பதால் அதில் எட்டிப் பார்க்கலாம்.

முதலில், வட்டில் எழுதாமல் பாக்கி வைத்திருந்த தரவை எல்லாம் எழுதி முடிக்கிறது. அடுத்து நிரல்களை உறையவைக்கிறது. ஒவ்வொரு நிரலும் போய் நிற்கும் செயற்கூறின் பெயரே ‘ரெஃப்ரிஜரேட்டர்’. எல்லோரும் உள்ளே வர 20 நொடி கெடு. பதில் வராத நெட்வொர்க் வட்டுக்காகக் காத்துக்கிடக்கும் நிரல் ஒன்று அதற்குள் வராவிட்டால், கெர்னல் உறக்கத்தையே கைவிட்டு எல்லாரையும் வெளியே விட்டுவிடும்.

பிறகு கருவிகள். இங்கே வரிசை முக்கியம்: பிள்ளை முதலில், பெற்றோர் பிறகு. பென் டிரைவ் படுத்த பின்புதான் அது செருகியிருக்கும் யுஎஸ்பி ஹப் படுக்கலாம். அதன் பின்புதான் யுஎஸ்பி கட்டுப்படுத்தி. மாற்றிச் செய்தால், பென் டிரைவுக்குக் கட்டளை போகும் வழியே அடைபட்டுவிடும். கடைசியாகச் செயலியின் கோர்கள் ஒவ்வொன்றாக விலக, மிஞ்சிய ஒரே ஒரு கோர் விளக்கை அணைத்துவிட்டுத் தானும் படுக்கிறது.

மூடியைத் திறந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். கணினியைப் பொதுவாக முதலில் எழுப்புவது ஃபர்ம்வேர். நேற்று வாங்கிய கணினியானாலும், எஸ்3-இலிருந்து விழிக்கும் இன்டெல் வகைச் செயலி பெரும்பாலும் 1978-இல் வந்த 8086 போல 16 பிட் நிலையில்தான் கண்திறக்கிறது. கெர்னல் அதைப் படிப்படியாக இன்றைய காலத்துக்கு அழைத்து வருகிறது. மின்சாரம் இழந்த கருவிகளுக்குத் தங்கள் பழைய அமைப்பு நினைவிருக்காது. டிரைவர் நிரல்தான் ஒவ்வொன்றுக்கும் அதை மறுபடி எழுதித் தர வேண்டும். ஒரு டிரைவர் ஒன்றை மறந்தாலும், விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்துவிடக்கூடும். எந்தக் கட்டத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்க லினக்ஸில் ஒத்திகை வசதி உண்டு: குறிப்பிட்ட கட்டம்வரை போய், 5 நொடி நின்று, திரும்பி வந்துவிடும்.

ஹைபர்னேட்டில் பிழைப்பூதியமும் கிடையாது. ரேமில் உள்ளதை வட்டுக்கு மாற்றிவிட்டு மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிடலாம். பேட்டரியைக் கழற்றினாலும் கவலையில்லை. சிக்கல் வேறு இடத்தில். நினைவகத்தைப் படம்பிடிக்கும் கெர்னலும் அதே நினைவகத்தில்தான் வாழ்கிறது. ஆகவே கருவிகளை நிறுத்தி, குறுக்கீடுகளை அடைத்து, நினைவகப் பக்கங்களை ரேமிலேயே காலி இடத்துக்கு நகலெடுக்கிறது. நகலுக்கு இடம் வேண்டுமல்லவா? அதனால் படத்தின் அளவை மொத்த ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவே லினக்ஸ் வழக்கமாக முயலும். 16 ஜிபி ரேம் என்றால் சுமார் 6.4 ஜிபி. பிறகு, படுத்த வட்டை மறுபடி எழுப்பி, அதில் ஸ்வாப் என ஒதுக்கிய பகுதியில் அந்தப் படத்தை எழுதிவைத்துவிட்டு அணைகிறது.

மீட்பு இதைவிட விநோதம். பொத்தானை அழுத்தியதும் எழுவது பழைய கெர்னல் அல்ல, புதிதாக ஒன்று. அது ஸ்வாப்பில் அடையாளக் குறியைக் கண்டு, படத்தைப் படித்து, தன் கருவிகளைப் படுக்கவைத்து, தன்மேலேயே பழையதை எழுதிக்கொண்டு காணாமல் போகிறது. பழைய கெர்னல் விட்ட வரியிலிருந்து தொடர்கிறது. மூலநிரலில் அந்த வரிக்கு மேலே, மீட்சி மாயம்போல இங்கே தோன்றும் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதியவர்களுக்கே வியப்பு தீரவில்லை போலும்!

இடைப்பட்ட நேரத்தில் வட்டை வேறு யாரும் தொடக்கூடாது. பழைய கெர்னலுக்குத் தான் தூங்கியது வரைதான் தெரியும். நடுவில் வேறொன்று எழுதியிருந்தால் கோப்புகள் சிதைந்துவிடும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘வேகத் தொடக்கம்’ என்ற வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ‘ஷட்டவுன்’ கொடுத்தால் கெர்னல் ஹைபர்னேட்தான் ஆகிறது. ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்திவைப்பது நல்லது. உண்மையாகவே புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்.

இன்னொன்று. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இல்லை. கைபேசி போல அரைத்தூக்கம்தான். ஏதோ ஒரு கருவி தூங்க மறுத்தால் செயலியும் ஆழ்ந்து தூங்காது. பைக்குள் கணினி சுடுவதற்கு இது ஒரு காரணம். சாப்பாட்டு இடைவேளைக்கு சஸ்பெண்ட் போதும். பையில் போட்டு ரயிலேறப் போகிறீர்கள் என்றால் ஹைபர்னேட் செய்து, விளக்கு அணைந்து விசிறி நின்றதைப் பார்த்துவிட்டே ஜிப்பை இழுங்கள்.