கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம், பதுளையிலிருந்து?

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 417 கிலோமீற்றர். டிக்கட்டில் போட்டிருக்கும் பயண நேரம் ஒரு மணி, சற்று முன்பின்.

இந்த 417 எப்படி வந்தது? உருண்டையான பூமியின் மேற்பரப்பை ஒட்டி இரண்டு நிலையங்களுக்கும் நடுவே இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீற்றர். திருச்சி நிலையம் கட்டுநாயக்கவுக்கு வடக்கே மூன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல், மேற்கே ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு கிட்டத்தில் பூமியின் வளைவு பெரிதாகக் குறுக்கிடாது. பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரசின் தேற்றமே விடையைக் கொடுத்துவிடும்.

மணிக்கு 800 கிலோமீற்றர் போகும் ஜெட் விமானத்துக்கு 417 கிலோமீற்றர் என்பது அரை மணி வேலை. மீதி அரை மணி எங்கே போகிறது? அந்த வேகம் உயரே போன பிறகுதான் கிடைக்கும். இந்தப் பாதையிலோ ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டும். விமானம் எதிர்காற்றில்தான் கிளம்பும் என்பதும் உண்டு. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கட்டுநாயக்கவில் தென்மேற்கு நோக்கிக் கிளம்பி, கடல்மேல் வளைந்து, பிறகுதான் வடக்கே திரும்பும். தரிப்பிடத்தை விட்டு அசைந்ததிலிருந்து அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும்வரை எல்லாமே பயண நேரக் கணக்கில் சேரும்.

ஆனால் பதுளைப் பக்கம் பசறையிலோ மடுல்சீமையிலோ தோட்ட லயத்திலிருந்து பெட்டியைத் தூக்குகிறவருக்கு இந்த ஒரு மணி கடைசிச் சில்லறை. பதுளையிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீற்றர்தான். பதுளைக் கோச்சியோ கொழும்பு கோட்டைக்கு ஏறக்குறைய 292 கிலோமீற்றர் ஓடுகிறது. தெமோதரையில் தண்டவாளம் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனுக்கு வந்து சேரும். பட்டிப்பொலைக்கு அருகே 1,898 மீற்றர் உயரத்துக்கு ஏறும். மண்சரிவு இல்லாத நாளில் பத்து மணி நேரம். பஸ் இதைவிட விரைவு, என்றாலும் தோட்டத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வந்து சேருவதே தனிப் பயணம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கவும் வேண்டும்.

2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் திறந்தபோது வரைபடத்தில் ஊவாவுக்கு விடிந்தது போலிருந்தது. பதுளையிலிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீற்றர்கூட இல்லை. திருச்சி விமானம்தான் அங்கிருந்து கிளம்புவதில்லை.

அந்தக் காலத்தில் கடல்வழியும் இருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

இப்போது தோட்டங்களிலிருந்து கட்டுநாயக்க போகிறவர்களில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களுடைய டிக்கட்டில் இன்னொரு குழப்பம். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம். டுபாய் ஒன்றரை மணி பின்னால், குவைத் இரண்டரை மணி பின்னால். டிக்கட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். ஆகவே மாலை 6 மணிக்குக் கிளம்பி டுபாயில் 9 மணிக்கு இறங்கினால், பறந்தது மூன்று மணி அல்ல, நாலரை. திரும்பும்போது அதே நாலரை ஆறு மணியாகத் தெரியும். வேன் பிடித்து அழைக்க வரும் வீட்டார் இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதும். அது இலங்கை நேரம். பெல்ட்டில் பெட்டி வர இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளலாம்.