வாய்மொழியும் இசையும்: கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைக் குறித்துச் சில விளக்கங்கள்

ஒரு சபையின் வரலாறு ஏடுகளில் எழுதப்பட்ட அளவோடு முடிந்துவிடுவதன்று. ஞானஸ்நானப் பதிவேடும் கமிட்டிக் குறிப்பேடும் பெயர்களையும் நாட்களையும் தருகின்றன. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கத் தடுக்கப்பட்டவர் யார், ஆலயத்தினுள்ளேயே தனியிடத்தில் அமரவைக்கப்பட்டவர் யார் என்பன போன்ற செய்திகளோ முதியோர் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. பாடல்களின் நிலையும் அதுவே. நம்மிடம் வழங்கும் கீர்த்தனை நூல்கள் பாடலின் தலைப்பில் இராகத்தையும் தாளத்தையும் குறிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மெட்டு வாய்வழியே வருவது; அதைப் பாடுபவர் மறைந்தால் அந்த ஊரின் நடையும் உடன் மறைகின்றது.

இவற்றைத் தேடிச் செல்லும் மாணவரும் ஆயரும் இன்று கையடக்க டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்கின்றனர். கருவி எளிது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இந்த எளிமையிலேதான் இடர் உள்ளது. குரல் பதிவுக் கருவிகளுட் பல, அலுவலகத்தில் ஒருவர் சொல்லப் பிறர் எழுதுவதற்கென அமைக்கப்பட்டவை. எதைக் கேட்கவேண்டும், எதை விடவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிடில் கருவியே தீர்மானித்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்வோருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, பேச்சு கேட்கும்போது மட்டும் பதிவைத் தொடங்கி, மௌனத்தில் நிறுத்திவிடும் அமைப்பு. இடம் மிச்சமாகும் என்பது இதன் நோக்கம். ஆனால், தம் இளமையில் நேர்ந்த அவமதிப்பை எண்பது வயதில் ஒரு தாய் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திச் சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு வேறொன்றைச் சொல்வாராயின், அந்த மௌனமும் அவருடைய சாட்சியத்தின் பகுதியே ஆகும். கருவி அதை வெட்டி இரு வாக்கியங்களையும் ஒட்டிவிடுகின்றது. பேச்சு மீண்டும் தொடங்கும்போது முதல் அசையையும் விழுங்குவதுண்டு. பின்னாளில் கேட்பவர் அவர் தயக்கமின்றிப் பேசினார் என்றே எண்ணுவார். எனவே நேர்காணலுக்குச் செல்லுமுன் இவ்வமைப்பை நிறுத்திவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, ஒலியளவைத் தானாகக் கூட்டியும் குறைத்தும் சீராக்கும் அமைப்பு. மெல்லிய ஒலியை உயர்த்தும், வலிய ஒலியைத் தாழ்த்தும். ஒருவர் நம்மை நோக்கியும் மறுபுறம் திரும்பியும் பேசும் நேர்காணலில் இதனால் ஓரளவு பயனுண்டு. இசையிலோ இது பெருங்கேடு. பறையோடு ஒருவர் பாடுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் அடியும் விழும்போது கருவி ஒலியளவு முழுவதையும் கீழே இழுக்கின்றது. குரலும் அதனுடன் அமிழ்கின்றது. அடி ஓய்ந்ததும் அளவு மேலெழும்; மூச்சிரைப்பதைப்போன்ற ஓர் ஏற்ற இறக்கம் பாடல் முழுவதும் கேட்கும். நாட்டார் இசைக்கும் பறைக்கும் வழிபாட்டில் இடம் பெற்றுத் தருவதற்குத் தியோபிலஸ் அப்பாவு போன்றோர் உழைத்தனர். அவ்விசையைப் பதிவு செய்கிற நாம் பறையைப் பாடகரின் பகையாக்கிவிடுதல் தகாது. இசைக்கு ஒலியளவைக் கையால் அமைப்பதே முறை. பாடலின் மிக வலிய பகுதியை முன்னதாக ஒருமுறை பாடி அடிக்கச் செய்து, அளவுகாட்டியின் உச்சம் பூச்சியத்திற்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளலாம். பூச்சியத்தைத் தொட்ட ஒலி உடைந்துபோகும். அதைச் செப்பமாகத் திரும்பப் பெறுதல் அரிது. 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் அண்மைக்காலக் கருவிகளில் இக்கவலை பெரிதும் குறைந்துள்ளது.

ஆயினும் பறைக்கும் குரலுக்கும் இடையேயுள்ள சமன்பாட்டைப் பொத்தான்களைக்கொண்டு அமைக்க இயலாது. அஃது இடத்தைப் பொறுத்தது. திறந்தவெளியில் ஒலிமூலத்திற்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். பாடுபவரை அருகிலும் பறையைச் சற்றுத் தொலைவிலும் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. ஆலயத்தினுள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இக்கணக்கு அவ்வளவு சரியாக அமையாது. எதிரொலி மிகுந்த கற்கட்டிடத்தில் கருவியைப் பாடகர்குழுவுக்கு முன்னே, தலைக்குச் சற்று மேலான உயரத்தில், தாங்கியில் வைப்பது நலம். ஹார்மோனியத்தின்மேல் வைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். துருத்தியின் ஓசையும் கட்டைகளின் தட்டலும் அதில் பாட்டைவிடத் தெளிவாகப் பதியும்.

மூன்றாவது, கோப்பின் வகை. ஒலியை ஒரு நொடியில் எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோமோ, அதில் பாதி அளவிலான அதிர்வெண் வரையில்தான் பதிவு கொள்ளும். நொடிக்கு 8,000 முறை அளக்கும் சிக்கன முறையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை யாவும் விடுபடும். ஜால்ராவின் ஒளிர்வு போகும், ‘ஸ’வும் ‘ஷ’வும் மங்கும். குறுந்தகட்டின் அளவு நொடிக்கு 44,100 முறை, 16 பிட். இம்முறையில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக, ஈரலை வழியில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 635 எம்.பி. இடம் கொள்ளும், 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பாயின் 58 எம்.பி. போதும். எம்.பி.3 இவ்வளவு சிறிதாவது, காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளை எறிந்துவிடுவதனால். எறிந்தது திரும்பாது. ஒலிநாடாக் காலத்தில் சிக்கனத்திற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று 32 ஜி.பி. அட்டை ஒன்றில் வேவ் முறையிலேயே ஏறத்தாழ 50 மணி நேரம் பதியலாம். இருமுறை பாட இயலாத முதியவரின் கீர்த்தனையைச் சுருக்கிப் பதிவதற்கு எக்காரணமும் நாம் காணோம். சுருக்கிய படி வேண்டுமெனில் மூலத்திலிருந்து பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் கருவி பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்திற்கு உட்பட்டிருக்கட்டும். மேசையின் அதிர்வு ஏறாதபடி மடித்த துணியின்மேல் வைக்கலாம். மின்விசிறியின் இரைச்சல் பெருந்தொல்லையே. அதற்காக மே மாதத்து நண்பகலில் மூத்தவர் ஒருவரை விசிறியின்றி அமரவைத்தல் கொடுமை. காலையிலே செல்லலாம், அல்லது கருவியின் தாழ்சுர வடிகட்டியைப் பயன்படுத்தலாம். இசைப் பதிவில் அதே வடிகட்டி மிருதங்கத்தின் தொப்பியை மெலியச் செய்யும், மறவாமல் நீக்கவேண்டும். கேட்பவர் ‘ஆமாம், ஆமாம்’ என்று இடையிடையே சொல்லாமல் தலையசைத்தால் போதும்.

தொழில்நுட்பத்திற்கு அப்பாலுள்ள ஒன்றையும் ஈண்டு கூறவேண்டும். இந்திய மொழி ஆய்வின் தொடர்பில் 1913 முதல் 1929 வரை பல மொழிகள் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. மொழிகளை ஒப்பிடுதற்பொருட்டு அவ்வாய்வு தெரிந்துகொண்ட பகுதி கெட்ட குமாரன் உவமையாகும் என்பது நம் வாசகருக்குச் சுவை தரும் செய்தி. தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஓடும். ஆகவே தரப்பட்டதைச் சொல்லுதலே பேசியவரின் பணியாயிற்று. இன்று நமக்கு நேரம் உண்டு; நம் வினாத்தாளை விட்டு அவர் விலகிச் செல்லும்போது விலக விடலாம்.

அவ்வாறு மனம் திறந்து சொன்னது யாருக்குரியது? பதிவு தொடங்கியவுடன் பெயரையும் ஊரையும் நாளையும் சொல்லி, இதை யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும் என்று விளக்கி, அவருடைய இசைவையும் அவர் குரலிலேயே பதிதல் வேண்டும். ‘இதைப் போடாதே’ என்று அவர் பின்னர்ச் சொன்னாலும் அச்சொல் நம்மைக் கட்டுப்படுத்தும். ஒரே ஊரில் இரு சாராரும் வாழும்போது ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்திற்குத் தீங்காக முடியலாம். பாடுவோருக்கோ சட்டமும் துணை நிற்கின்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1994ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப்பின், நிகழ்த்துவோர் உரிமையை அவர்களுக்கு வழங்குகின்றது. ஆலயத்தில் பாடினார் என்பதனால் அவ்வுரிமை அற்றுப்போவதில்லை.

வீடு திரும்பிய அன்றே மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரில் வைத்தல் நன்று. ஒலிநாடா சிறிது சிறிதாகத் தேய்ந்து நம்மை எச்சரித்தது. டிஜிட்டல் கோப்போ முன்னறிவிப்பின்றி முழுவதும் போய்விடக்கூடும். படிகளைத் திறந்து கேட்டுப் பார்க்குமுன் அட்டையை அழிக்கலாகாது. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர் என்ற வரிசை இருந்தால் பிற்காலத்தவர் தேடுவது எளிதாகும். பேசியவரின் வீட்டார் கேட்கத்தக்க வகையில் ஒரு படி அவர்களுக்கும் சேரவேண்டும். அவர்களிடம் கணினி இல்லையெனில் கைப்பேசியில் ஏற்றிக் கொடுக்கலாம், அதற்கு எம்.பி.3 போதும்.