வெப்பத்தாக்கு: உடலைக் குளிர்விக்கக் கிடைக்கும் அரை மணி நேரம்

வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களில் கோடைக்காலத்தில் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தால், சக தொழிலாளர்கள் அவரை நிழலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். உடல் நெருப்பாய்ச் சுடுவதைக் கண்டு பனடோல் மாத்திரையைக் கொடுக்க முயல்பவர்களும் உண்டு. பின்னர் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியங்களில் மாத்திரை பயனற்றது. காத்திருப்பு உயிரைப் பறிக்கக்கூடியது.

காய்ச்சலின்போது உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைப்பது மூளை. பாரசிட்டமால் வகை மருந்துகள் அந்த அளவைக் கீழிறக்குகின்றன. வெப்பத்தாக்கில் மூளை எந்த அளவையும் உயர்த்துவதில்லை. உடலுக்குள் சேரும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை விஞ்சிவிடுகிறது, அவ்வளவுதான். மருந்து கீழிறக்க அங்கு ஒன்றுமில்லை. ஏற்கனவே பாதிக்கப்பட்டிருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமையாகலாம்.

உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவு தடுமாறும் இந்த நிலையை வெறும் சூட்டின் விளைவாகவே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதிவந்தார்கள். அந்தப் புரிதல் மாறியதில் வளைகுடா ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. ரியாத்தின் மன்னர் ஃபைசல் சிறப்பு மருத்துவமனையைச் சேர்ந்த அப்தர்ரசாக் பூஷாமாவும் அவரது குழுவினரும், வெப்பத்தாக்குக்கு உள்ளான ஹஜ் யாத்ரீகர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடும் கிருமித்தொற்றின்போது காணப்படும் அழற்சி இரசாயனங்கள் அந்த இரத்தத்தில் மிகுந்திருந்தன.

இதற்கான விளக்கம் குடலில் தொடங்குகிறது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரத்தத்தைத் தோலை நோக்கித் திருப்புகிறது. அதனால் குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, குடலின் உட்சுவர் பலவீனமடைகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் இரத்தத்தில் கசிகிறது. கிருமிகள் படையெடுத்துவிட்டன என்று எண்ணும் நோய் எதிர்ப்பு அமைப்பு, உடல் முழுவதும் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் செயலிழக்கத் தொடங்குகின்றன. 2002இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் நோக்கலுடன் இணைந்து பூஷாமா எழுதிய கட்டுரை, வெப்பத்தாக்கு என்பதற்கான இலக்கணத்திலேயே அழற்சியைச் சேர்த்தது.

உடலைக் குளிர்விப்பது இந்த அழற்சியைத் தூண்டும் காரணத்தை நிறுத்துகிறது. ஆனால் தாமதமானால், உடல் வெப்பம் இயல்புக்குத் திரும்பிய பின்னரும் சிலரிடம் அழற்சி தொடர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் அரை மணி நேரத்தை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

எப்படிக் குளிர்விப்பது?

குவைத் பல்கலைக்கழகத்தின் முஸ்தபா கோகாலியும் லண்டனைச் சேர்ந்த ஜோசப் வைனரும் 1980இல் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். (போலி மனித மூதாதை எலும்புகளான 'பில்ட்டவுன் மனிதன்' மோசடியை 1953இல் அம்பலப்படுத்தியவர்களில் ஒருவர்தான் இந்த வைனர்.) மக்காவின் பெயரால் அறியப்படும் அந்தக் கருவி, வலைப் படுக்கையில் கிடத்தப்பட்ட நோயாளி மீது 15 டிகிரி நீரைப் பனித்தூறல் போலத் தெளிக்கிறது, கூடவே 45 டிகிரி வெப்பக் காற்றையும் வீசுகிறது. குளிர்விக்க வெப்பக் காற்றா என்று தோன்றலாம். தோல் மிகவும் குளிர்ந்துவிட்டால் அதன் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உடல் நடுங்கி, வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்ற கவலையின் விளைவு அது.

இந்த முறை நம்பியிருப்பது நீர் ஆவியாவதை. துபாய், அபுதாபி, தோஹா போன்ற கடலோர நகரங்களில் காற்றே ஈரமாக இருக்கும் கோடைப் பிற்பகல்களில், திறந்தவெளியில் நீர் தெளித்து விசிறுவதால் கிடைக்கும் பலன் குறைவு. மேலும், யாத்ரீகர்களில் பலர் முதியவர்கள். தொழிலாளர்களோ உழைப்பால் தங்கள் தசைகளிலிருந்தே வெப்பத்தை உண்டாக்கும் இளைஞர்கள். இத்தகையோரைப் பனிக்கட்டி நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துவதே மிக விரைவான வழி. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 274 வெப்பத்தாக்கு நோயாளிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அளவுக்கு மீறிக் குளிர்விப்பதும் கூடாது. உடல் வெப்பம் இயல்பைவிடக் குறையும்போது வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, தோலுக்கான இரத்த ஓட்டமும் குறைகிறது. குடல் அறுவைச் சிகிச்சையின்போது உடல் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்குப் புண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டதாகவும், இயல்பான வெப்பத்தில் வைக்கப்பட்டவர்களில் அது 6 விழுக்காடே என்றும் 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே 39 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்ததும் நோயாளியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கிறார்கள்.

சட்டமும் சான்றிதழும்

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2005இல் மதிய வேலைத் தடையைக் கொண்டுவந்தது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தார் 2021இல் இதைவிட ஒரு படி மேலே சென்று, ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ளும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும் என்று விதித்தது. உடலின் இயல்போடு ஒத்துப்போவது இந்த இரண்டாவது விதிதான். கடிகாரம் பார்த்து வெப்பத்தாக்கு வருவதில்லை.

கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்கள் குறித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. இதய நோய் என்று பதிவான இறப்புகள் வெப்ப மாதங்களில் கூடியிருந்ததை அது சுட்டியது. கத்தாரில் பல தொழிலாளர்களின் இறப்புச் சான்றிதழ்களில், முறையான விசாரணையின்றி 'இயற்கைக் காரணம்' அல்லது 'இதயச் செயலிழப்பு' என்றே எழுதப்படுவதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2021இல் குற்றம்சாட்டியது.

வெப்பத்தாக்கை உறுதிசெய்ய, விழுந்த உடனேயே மலக்குடல் வெப்பமானியால் உடலின் உள்வெப்பத்தை அளக்கவேண்டும். நெற்றியில் வைக்கும் கருவி உள்வெப்பத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. இறந்த பிறகு தேடினால், வெப்பத்தாக்குக்கு மட்டுமே உரிய தடயம் என்று எதுவும் உடலில் எஞ்சுவதில்லை. அந்த ஓர் அளவீடு இல்லாதபோது, மரணம் வேலையால் நேர்ந்தது என்று நிறுவி இழப்பீடு கோரும் வழி, ஊரில் உள்ள குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.