சொல்லுக்கு முந்திய உரையாடல்: ஆட்டிசம் உள்ள இளங்குழந்தைகளும் வீட்டு மொழியும்

ராயப்பேட்டை, ஜாம்பஜார், திருவல்லிக்கேணி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், பிறந்த நாள் முதலே ஒரு குழந்தையின் காதில் நான்கு மொழிகள் விழுகின்றன. வீட்டில் தக்கினி உருது, தெருவில் தமிழ், மழலையர் பள்ளியில் ஆங்கிலம், ஓதும் பள்ளியில் அரபு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீடுகளில் இவற்றின் வரிசை மாறுமேயன்றி எண்ணிக்கை பெரிதும் குறைவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் இவற்றை எச்சிரமமுமின்றிப் பிரித்தறிந்து, பாட்டியிடம் ஒன்றும் பால்காரரிடம் ஒன்றுமாகப் பேசப் பழகிவிடுகின்றனர். ஆனால் இரண்டு வயது கடந்தும் ஒரு குழந்தை எம்மொழியிலும் வாய் திறவாதிருக்கும்போது, அல்லது பேசிய சில சொற்களையும் இழந்துவிடும்போது, குடும்பத்தின் முதற்சந்தேகம் இம்மொழிகளின் மீதே விழுகிறது. இத்தனை மொழி பேசினால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும் என்பர் உறவினர். ஒரே மொழியில் பேசுங்கள், அதுவும் ஆங்கிலமாக இருக்கட்டும் என்ற அறிவுரை சிகிச்சை அறைகளிலிருந்தும் வருவதுண்டு. அவ்வாறு கைவிடப்படும் மொழி பெரும்பாலும் பாட்டியின் மொழியாகவே அமைந்துவிடுகிறது.

இவ்வறிவுரைக்கு ஆதாரம் உண்டா என்று ஆராயும் முன், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உண்மையில் எது கடினமாக இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் கூறுவர். ஆட்டிசம் என்ற சொல்லே இன்று பரவலாக வழங்குவதால் அதனையே இங்குக் கையாள்கிறோம்.

மாஸ்கோவில் குருன்யா சுகரேவா 1925 இலேயே இத்தகைய சிறுவர் சிலரைப் பற்றி எழுதியிருந்தார். எனினும், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943 இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர் விவரித்த முதற்குழந்தை, இரண்டு வயதிலேயே கிறித்தவ வேதத்தின் 23 ஆம் சங்கீதத்தையும், சமய வினாவிடை நூல் ஒன்றின் 25 வினாவிடைகளையும் மனப்பாடமாக ஒப்புவித்தவன். அந்தப் பதினொருவரில் எண்மர் பேசக் கற்றனர். ஆனால் அவர்களது பேச்சு பிறருக்குப் பொருள் உணர்த்தும் கருவியாக நெடுங்காலம் பயன்படவில்லை என்று கானர் குறித்து வைத்தார். இக்குறிப்பு நம் சூழலுக்கு மிகவும் நெருக்கமானது. சூரத்துல் ஃபாத்திஹாவைப் பிழையின்றி ஓதும் நான்கு வயதுப் பிள்ளை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க அறியாமல் அழுவதை நம் வீடுகளிலும் காணலாம். நன்றாக ஓதுகிறானே, இவனுக்கு என்ன குறை என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். பேச்சு வேறு, உரையாடல் வேறு என்பதை அந்த ஆறுதல் மறைத்துவிடுகிறது.

உரையாடல் சொல்லுக்கு முன்பே தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு வயதில், சுவரில் அமர்ந்த காகத்தைக் குழந்தை விரலால் சுட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. காகம் தனக்கு வேண்டும் என்று அது கேட்கவில்லை. தான் கண்டதைத் தாயும் காண வேண்டும் என்பதே அதன் விருப்பம். பால் புட்டியைச் சுட்டுவதும் காகத்தைச் சுட்டுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் நோக்கத்தால் வேறானவை. முன்னது தேவை, பின்னது பகிர்வு. இருவர் ஒரே பொருளில் கவனத்தை இணைக்கும் இப்பின்னதுதான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் தாமதமாகவோ அரிதாகவோ தோன்றுகிறது. பதினெட்டு மாதங்களாகியும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை எனில் மருத்துவரை அணுக வேண்டும். செவித்திறன் சோதனையும் அவசியம். ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று காத்திருப்பதால் நேரும் இழப்பு பெரிது.

பழி யார் மீது என்ற கேள்வியைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். தாயின் அன்பின்மையே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் எழுதிய நூல் ஒரு தலைமுறைத் தாய்மாரை வதைத்தது. அதனை இன்று எவரும் ஏற்பதில்லை. தடுப்பூசியே காரணம் என ஐயம் எழுப்பி 1998 இல் வெளியான 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை லான்செட் இதழ் 2010 இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வும் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. மரபணுக்களின் பங்கே பெரிது என்பது இன்றைய அறிவு. ஆட்டிசத்தை அகற்றும் மருந்து எதுவும் இல்லை. பெருந்தொகைக்கு விற்கப்படும் குருத்தணு ஊசிகளும் அதற்கென ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல. துஆச் செய்வதும் தக்க உதவியை நாடுவதும் முரண்பட்டவை அல்ல என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் தாயத்துக்கும் ஓதிப் பார்ப்பதற்குமாக அலைந்தே இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

மொழிகளைப் பற்றிய கேள்விக்கு மீள்வோம். இரு மொழிகள் வழங்கும் வீடுகளில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரு மொழி வீடுகளில் வளர்பவர்களையும் ஒப்பிட்டுக் கனடாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வுகள் பல நடந்துள்ளன. இருமொழிச் சூழலால் பேச்சு பின்னடைகிறது என்பதற்கு அவற்றில் சான்று கிடைக்கவில்லை. நான்கு மொழிகளைப் பற்றிய ஆய்வுகள் குறைவு எனினும், வீட்டு மொழியைக் கைவிடுவதால் நேரும் தீங்கை ஊகிப்பது கடினமன்று. தாய் தனக்கு இயல்பாக வராத ஆங்கிலத்தில் பேச முற்படும்போது அவரது வாக்கியங்கள் சுருங்கி, 'கம்', 'சிட்', 'ஈட்' என்னும் கட்டளைகளாகிவிடுகின்றன. தாலாட்டும் கொஞ்சலும் கேலியும் காணாமற்போகின்றன. பாட்டி வாயடைத்துப் போகிறார். உரையாடலில் பின்தங்கிய குழந்தைக்கு உரையாட ஆட்களையே குறைப்பதைச் சிகிச்சை என்று எவ்வாறு அழைப்பது?

எம்மொழியில் என்பதைக் காட்டிலும் எவ்விதமாக என்பதே முதன்மையானது. இதனை விளக்க, நம் துணைக்கண்டத்திலேயே நடந்த ஓர் ஆய்வைச் சற்று விரிவாக நோக்கலாம். அதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. ஜோனதன் கிரீன் தலைமையிலான குழுவினர் லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் நகரங்களில், ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 ஆட்டிசக் குழந்தைகளுடன் 'பேக்ட்' என்னும் பெயரில் ஒரு சோதனையை நடத்தி, 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். இம்முறையில் சிகிச்சையாளர் குழந்தைக்கு நேரடியாக எதையும் கற்பிப்பதில்லை. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து விளையாடுவதைச் சில நிமிடங்கள் வீடியோவில் பதிவு செய்கிறார். பின்னர்ப் பெற்றோருடன் அமர்ந்து அதனைப் பார்க்கிறார். குழந்தை எப்போது பார்த்தது, எப்போது ஒலி எழுப்பியது, அப்போது தாய் என்ன செய்தார் என்று துண்டு துண்டாக நிறுத்திப் பேசுகிறார்கள். தாய் தம்மையே திரையில் காண்கிறார். குழந்தை ஒரு முறை கை நீட்டுவதற்குள் தாம் ஐந்து கேள்விகள் கேட்டுவிட்டதை அவரே கண்டுகொள்கிறார்.

2010 ஆம் ஆண்டின் முடிவுகள் அடக்கமானவை. ஆட்டிச அறிகுறிகள் குறைந்ததாகத் திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை. பெற்றோர் குழந்தையோடு இசைந்து பதிலளிக்கும் போக்கு மட்டும் தெளிவாக வளர்ந்திருந்தது. ஆனால் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகளுள் 121 பேரை மீண்டும் சோதித்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகளிடம் அறிகுறிகளின் கடுமை குறைந்திருந்தமை தெரியவந்தது. இது 2016 இல் லான்செட் இதழில் வெளியாயிற்று.

அதே 2016 இல் வெளியானதுதான் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த 'பாஸ்' ஆய்வு. இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் சந்திக்க விசா கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே பயிற்சி முறையைத் தத்தம் வீட்டுச் சூழலுக்கேற்ப அமைத்துக்கொண்டனர் என்பதே மகிழ்ச்சி தரும் செய்தி. 2 முதல் 9 வயதுக்குட்பட்ட 65 குழந்தைகள் இதில் பங்குகொண்டனர். பயிற்சியளித்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட சாதாரண நலப்பணியாளர்கள். ஆறு மாதங்களில் 12 அமர்வுகள், அவ்வளவே. 1987 இல் அமெரிக்காவில் இவார் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற முறை வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி கோரியது என்பதை எண்ணினால், எது நம் நாட்டுக்கு எட்டக்கூடியது என்பது விளங்கும். பெற்றோரின் இசைவு மிகுந்தது. குழந்தைகள் தாமாகவே உரையாடலைத் தொடங்குவதும் கூடிற்று. எனினும் இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்திய நேரம், எதிர்பார்த்ததற்கு மாறாகக் குறைந்தே காணப்பட்டது. ஆய்வாளர்கள் இதனையும் மறைக்காது பதிவு செய்தனர். எல்லாவற்றையும் குணமாக்கும் என விளம்பரப்படுத்தப்படும் முறைகளைவிட, தன் குறையையும் சொல்லும் இம்முறையே நம்பத்தக்கது என்பது என் கருத்து.

இதன் சாரத்தை வீட்டு நடப்பாகக் கூறினால், நாள்தோறும் அரை மணி நேரம் தாயோ தந்தையோ குழந்தைக்கு எதிரே தரையில் அமர்தல். பொம்மைக் காரை அவன் ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்கி, இப்படி ஓட்டு என்று திருத்தாமல், அச்சக்கரத்தையே தாமும் பார்த்தல். "சுத்துது" என்று ஒரே ஒரு சொல் சொல்லுதல். பிறகு காத்திருத்தல். இந்தக் காத்திருப்புதான் மிகக் கடினம். நம் பண்பாட்டில் குழந்தையிடம் அன்பு என்றாலே கேள்வி மழை: இது என்ன, இது யாரு, மாமாவுக்கு சலாம் சொன்னியா? ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பதில் உருவாக நேரம் கூடுதலாக வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி வந்து முந்தைய முயற்சியை அழித்துவிடுகிறது.

எதிரொலிப் பேச்சைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். "தண்ணி வேணுமா?" என்று தாய் கேட்டால் குழந்தையும் "தண்ணி வேணுமா?" என்றே திருப்பிச் சொல்லும். கிளிப்பிள்ளைப் பேச்சு என்று இதனை அடக்க முற்படுவோர் பலர். ஆனால் பாரி பிரைசாண்ட்டும் ஜூடித் டூச்சனும் 1981 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எதிரொலிகளில் ஆம் என்பதும், வேண்டுகோளும், தன் முறைக்குப் பதிலளித்தலும் பொதிந்திருப்பதைக் காட்டிற்று. தமிழில் 'ஆ' என்னும் வினா விகுதி ஒட்டிக்கொள்வதால் எதிரொலி உடனே தவறாகக் காதில் ஒலிக்கிறது. தக்கினியிலோ "பானி ஹோனா" என்பது ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக் கேள்வியாகவும் வேண்டுகோளாகவும் அமையும் என்பதால், அதே எதிரொலி பொருத்தமான விடையாகவே நின்றுவிடுகிறது. தமிழ் பேசும் தாயும் இந்த வசதியைத் தமக்கு ஏற்படுத்திக்கொள்ளலாம். கேள்வியாகக் கேட்பதற்குப் பதில், குவளையைக் காட்டி, குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே "தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால், குழந்தை எதிரொலிப்பதும் சரியான வாக்கியமாகவே இருக்கும்.

நம் அன்றாட வாழ்வில் இதற்குத் துணைபுரியும் நிலையான சொற்றொடர்கள் ஏராளம். ஒருவர் சலாம் சொல்ல மற்றவர் பதில் சலாம் சொல்வது, சொற்கள் மாறாத, முறை மாறாத, நாள்தோறும் பலமுறை நிகழும் ஓர் இருவர் உரையாடல். புதுமையை அஞ்சி ஒழுங்கை நாடும் குழந்தைக்கு இதைவிட ஏற்ற தொடக்கம் அரிது. தொடக்கத்தில் அவன் பதிலுக்கும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றே கூறக்கூடும். திருத்திக் கடிந்துகொள்ளாமல், மூத்த பிள்ளை ஒருவரை அருகில் நிறுத்தி இருவராகச் சொல்லிக் காட்டினால் போதும். உணவுக்கு முன் "பிஸ்..." என்று தொடங்கி நிறுத்தி, மீதியை அவன் முடிக்கும் வரை பொறுத்திருக்கலாம். மனப்பாடத் திறனை உரையாடலுக்குள் கொண்டுவரும் வழிகள் இவை.

பேச்சு வராத குழந்தைக்குப் படங்கள் கைகொடுக்கும். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. பட அட்டைகளாலோ கருவிகளாலோ பேச்சு தடைப்படுவதில்லை என்பதையும், சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்கிறது என்பதையும் ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. உயிருள்ளவற்றின் உருவப்படங்களைத் தயங்கும் வீடுகளில் குவளை, செருப்பு, தொப்பி, கஞ்சிக் கிண்ணம் ஆகியவற்றின் படங்களே போதுமானவை. படத்தைத் தொட்டால் பேசும் 'ஆவாஸ்' என்னும் கருவி நம் சென்னையிலேயே உருவானது என்பதைப் பலர் அறியார். கோட்டூர்புரத்தின் வித்யாசாகர் நிறுவனத்துக் குழந்தைகளின் தேவையை முன்னிட்டு அஜித் நாராயணன் உருவாக்கிய இதற்காக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டெக்னாலஜி ரிவியூ இதழ் 2011 இல் அவரை இளம் கண்டுபிடிப்பாளர் வரிசையில் சேர்த்தது. இன்று அது கையடக்கக் கணினியில் இயங்கும் செயலியாகத் தமிழிலும் கிடைக்கிறது.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைப் பிடித்துத் திருப்பும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நேர்நோக்கு தமக்கு வேதனை தருவதாக ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியுள்ளனர். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவதை மரியாதையாகக் கருதிய சமூகத்தில் இக்கட்டாயம் எங்கிருந்து புகுந்தது என்பது வியப்பே. தாமே ஆட்டிசம் உடையவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012 இல் முன்வைத்த கருத்து இங்கு நோக்கத்தக்கது. புரியாமை ஒரு பக்கத்தது மட்டுமன்று. அவர்களுக்கு நம்மைப் புரியாதது போலவே நமக்கும் அவர்களைப் புரியவில்லை.

பள்ளிவாசலும் இதில் தொடர்புடையது. தொழுகையின்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்ட செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆயினும் கையை உதறிக்கொண்டோ ஒலி எழுப்பிக்கொண்டோ நிற்கும் சிறுவனின் தந்தை, பின் வரிசையிலிருந்து எழும் முணுமுணுப்புக்கு அஞ்சி ஜும்ஆவுக்கு அவனை அழைத்து வருவதை நிறுத்திவிடுகிறார். ஒலிபெருக்கிக்கு அப்பால், வாயிலுக்கு அருகே அவர்களுக்கு ஓரிடம் விட்டுக் கொடுப்பது நிர்வாகத்தினருக்குப் பெருஞ்செலவன்று. ரமளானில் உணவும் உறக்கமும் தலைகீழாகும்போது இக்குழந்தைகள் மிகவும் நிலைகுலைவர். இஃப்தார், தராவீஹ், ஸஹர் என நாளின் ஒழுங்கைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டி, ஷஃபான் இறுதியிலேயே காட்டத் தொடங்கினால் கலக்கம் குறையும்.

அரசு வழிகளையும் அறிந்திருத்தல் நலம். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஒரு குறைபாடாக ஏற்றுள்ளன. முன்னதன் கீழ் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை உண்டு. பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கி வருகிறது. மதிப்பீட்டுக்கு நாள் கிடைத்து, சான்றிதழ் கைக்கு வருவதற்கு வாரங்கள் ஆகலாம். மேற்கூறிய அரை மணி நேரத்தை அதற்கு முன்பே, பாட்டியின் மொழியிலேயே, தொடங்கிவிடலாம்.